பரீட்சை அட்டவணை வந்தால் மகளுக்குத் தன் உடம்பு பிடிக்காமல் போகிறது

மழைக்குருவி

மகளுக்கு 14 வயது. படிப்பில் கெட்டி, பள்ளி ஓட்ட அணியிலும் இருந்தாள். கொஞ்ச காலமாக வீட்டில் ஒரே பல்லவி: "குண்டாயிட்டேன்", "தொடையைப் பார்த்தாலே பிடிக்கல", "இந்த மூஞ்சியோட எப்படி வெளிய போறது". மருத்துவரிடம் காட்டினோம். உயரம், எடை எல்லாம் வயதுக்கேற்றபடிதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் "போடி, நீ அழகாத்தான் இருக்கே" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "அம்மான்னா அப்படித்தான் சொல்லுவே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள்.

இங்கே எழுதக் காரணம் வேறு. இந்தப் பேச்சு எப்போது கிளம்பும் என்று எனக்கு இப்போது முன்கூட்டியே தெரிகிறது. பரீட்சை அட்டவணை வந்ததா, அன்று இரவு கண்ணாடி முன்னால் நிற்பாள். தோழிகளுக்குள் ஏதாவது உரசலா, மறுநாள் காலை எந்தச் சட்டையும் பொருந்தாது. விடுமுறையில் அதே உடம்பு, அதே கண்ணாடிதான், ஆனால் ஒரு புகாரும் இல்லை. மன அழுத்தத்துக்கும் இதற்கும் முடிச்சு இருக்கிறதா, இல்லை நானாகப் போடுகிறேனா?

இன்னொன்று. மனசு சரியில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உயிர்த்தோழியுடன் போனில் பேசுவாள். பேசி முடித்து வெளியே வரும்போது முன்பைவிட வாடிப்போய் வருகிறாள். பேசினால் பாரம் குறையும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

ரெட்டைப்பிள்ளை அப்பா

போனை வாங்கி வையுங்கள். பாதி வியாதி அதில்தான் இருக்கிறது. எனக்கும் இரண்டு பெண்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

மணியடித்த பிறகு

பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முடிச்சு இருக்கிறது, நீங்களாகப் போட்டதல்ல. பெரும்பாலான பெற்றோர் மகள் என்ன சொல்கிறாள் என்பதையே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் எப்போது சொல்கிறாள் என்று பார்த்திருக்கிறீர்கள். என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984-இல் ஒரு பகுப்பு தந்தார்கள். பிரச்சினையையே மாற்றப் பார்ப்பது ஒரு வழி. மாற்ற முடியாதபோது, அதனால் வரும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டுமே வேண்டும். 14 வயதில் என்ன சிக்கல் என்றால், அழுத்தம் தருகிற எதுவுமே அவள் கையில் இல்லை. கேள்வித்தாளை யாரோ தயாரிக்கிறார்கள். தோழி நாளை யார் பக்கத்தில் உட்காருவாள் என்பது தோழியின் முடிவு. வீட்டில் பெரியவர்கள் சண்டை போட்டால் அதையும் நிறுத்த முடியாது. மிச்சம் இருப்பது உடம்புதான். அதை மட்டும் தன்னால் மாற்ற முடியும் என்று தோன்றிவிடுகிறது. கணக்கில் கோட்டை விட்டுவிடுவோமோ என்ற பயத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தொடையைப் பார்க்கலாம், திட்டலாம், நாளையிலிருந்து சரிசெய்கிறேன் என்று சபதம் எடுக்கலாம். சபதம் எடுத்த அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் மறுபடி மறுபடி கண்ணாடிக்கு இழுக்கிறது.

தோழியுடன் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. மனசு கனத்திருக்கும்போது "ஏன் இப்படி ஆச்சு, எனக்கு மட்டும் ஏன்" என்று செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் சுற்றுவது சோர்வை நீட்டிக்கிறது என்பது அவர் கண்டது. சிறுவயதில் ஆண், பெண் பிள்ளைகளிடையே மனச்சோர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. 13 வயதுக்குப் பிறகு பெண்களிடம் அது கூடிக்கொண்டே போய் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இந்தச் சுற்றல் பழக்கம் அதற்கு ஒரு காரணம் என்றார்.

அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-இல் இதையே நட்புக்குள் வைத்துப் பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசுவது பெண்பிள்ளைகளிடம் அதிகம். அதனால் நட்பு இறுகுகிறது. கூடவே சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன. 2007-இல் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்தபோது, பையன்களுக்கு நட்பு மட்டும் கூடியது, பெண்களுக்கு இரண்டுமே கூடின. உங்கள் மகள் வாடி வெளியே வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தோழிதான் அவளுக்கு இருக்கும் பெரிய துணையும். அழைப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் மாற்றப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பது

ஆன்ட்டி, எனக்கு இப்போது 19. உங்கள் மகள் இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவும் "நீ அழகுதான்" என்றுதான் சொல்வார். அதில் எனக்கு என்ன கேட்கும் தெரியுமா? அழகாக இருப்பது முக்கியம், அதற்கான பரீட்சை நடந்துகொண்டே இருக்கிறது, அம்மா மட்டும் தாராளமாக மதிப்பெண் போடுகிறார் என்று கேட்கும். அந்தப் பரீட்சையே வேண்டாம் என்று ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன். வகுப்பில் எழுந்து பலகைக்குப் போகச் சொன்னால், முதலில் சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டு, ஸ்வெட்டரின் கைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, பிறகுதான் நடப்பேன். கணக்கு தெரியும். ஆனால் பலகைக்குப் போய்ச் சேரும்போது பின்னால் எல்லோருக்கும் நான் எப்படித் தெரிகிறேன் என்பது மட்டும்தான் தலைக்குள் இருக்கும். பாதியில் விடை மறந்துபோகும். டீச்சர் நான் படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

செல்ஃபி பற்றியும் ஒரு வார்த்தை. என் மூக்கு பெரிது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் கல்லூரியில் படித்தேன்: 2018-இல் ஒரு மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கை நீளத்துக்கு மேல் தள்ளிப் பிடிக்க முடியாத கேமராவை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் அழுதிருக்கிறேன்.

ஒரு சந்தேகம்

எல்லாவற்றுக்கும் உளவியல் பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? பதின்வயதில் கண்ணாடி பார்க்காதவர் யார்? எங்கள் காலத்திலும் பரு வந்தால் வெளியே போக வெட்கப்பட்டோம், பரீட்சைக்குப் பயந்தோம். வளர்ந்தோம், சரியாகப் போனது. பத்தொன்பது சொல்லும் பலகைக் கதை உண்மையாகவே இருக்கட்டும், அது ஒருவர் அனுபவம். பொதுவாக அப்படித்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

மணியடித்த பிறகு

நியாயமான கேள்வி. 1997-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு கோட்பாடு எழுதினார்கள். தன் உடம்பைப் பிறர் கண்ணால் வெளியே நின்று பார்க்கப் பெண்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள், அந்தக் கண்காணிப்பு கவனத்தைத் தின்கிறது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே ஃபிரெட்ரிக்சன் குழு அதைச் சோதித்தது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் நீச்சலுடையோ ஸ்வெட்டரோ போடச் சொல்லி, கணக்குக் கேள்விகள் கொடுத்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. பலகைக்குப் போகும்போது விடை மறப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் காலத்திலும் இருந்தது என்கிறீர்கள். இருந்தது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. பிஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கே பாரம்பரியமாக நல்ல வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் தொலைக்காட்சி வந்த புதிதில் பள்ளி மாணவிகள் 63 பேரிடமும், 1998-இல் 65 பேரிடமும் உணவு பற்றிய மனப்பான்மையைக் கேள்வித்தாள் மூலம் அளந்தார். கவலைப்பட வேண்டிய அளவைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதம் ஆனார்கள். சின்ன ஆய்வு, இரண்டு முறையும் அதே மாணவிகளும் அல்ல. இருந்தாலும் மூன்று ஆண்டுக்குள் நடந்த மாற்றம் அது. வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு சந்தேகம்

பிஜி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் பரீட்சைப் பயம் உடம்புப் புகாராக மாறுகிறது என்பதற்கு இது ஆதாரம் அல்லவே? டிவி பார்த்தால் ஒல்லியாக ஆசை வருகிறது என்றுதான் காட்டுகிறது.

மணியடித்த பிறகு

சரி, அது பாதிதான். உடம்பை வைத்து மதிப்பிடும் பழக்கம் வெளியிலிருந்து வருகிறது என்பதற்குத்தான் பிஜி. அழுத்தம் வரும்போது அந்தப் பழக்கத்தில் போய் விழுகிறார்கள் என்பது நான் அறையில் பார்ப்பது. எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்லவில்லை.

ஸ்டெதஸ்கோப்

குழந்தை மருத்துவர். இரவுப் பணியில் இருக்கிறேன், அதனால் கோர்வையாக இருக்காது.

பருவமடையும்போது பெண்ணுடம்பில் கொழுப்பின் பங்கு கூடும், இடுப்பு அகலும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் செய்கிற வேலை அது. அதே வயதில் பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தசையைக் கூட்டுகிறது. இந்த இடத்தில்தான் அநியாயம் நடக்கிறது. பையனின் உடம்பு ஊர் புகழும் வடிவத்தை நோக்கிப் போகிறது, பெண்ணின் உடம்பு விளம்பரத்தில் வரும் வடிவத்திலிருந்து விலகிப் போகிறது. இரண்டு உடம்பும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. பெண்கள் வேகமாக உயர்வது பெரும்பாலும் 11, 12 வயதில், மாதவிடாய் தொடங்குவதற்கு முன்பே. அதற்குப் பிறகு உயரம் கொஞ்சம்தான் ஏறும், எடை ஏறிக்கொண்டிருக்கும். 14 வயதுப் பெண் எடை கூடவே இல்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், அதைப் பற்றி. பிள்ளைகள் இணையத்தில் உயரத்தையும் எடையையும் தட்டிவிட்டு வரும் எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள். அந்தச் சூத்திரம் 1830-களில் அடோல்ஃப் கெட்டலே என்ற புள்ளியியலாளர் மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கப் போட்டது, ஒரு ஆளை எடைபோட அல்ல. பெரியவர்களுக்கான எல்லைக் கோடுகளை 19 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வைக்கவே கூடாது. வயதும் பாலினமும் சேர்ந்த வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது. 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்டதை நாங்கள் பார்க்கிறோம். அதிலும் ஒரு புள்ளியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கோடு எப்படிப் போகிறது என்பதுதான் பேச்சு.

சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிற பெண்களுக்கு நான் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளரின் சோதனையைச் சொல்வேன். 1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்கள், தாங்களாக முன்வந்து, சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எரிச்சல், சோர்வு, எப்போதும் குளிர், யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் வந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். இவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. பசி மட்டும் போதும், மூளை இப்படி ஆகிவிடும். பரீட்சைக்கு முன்னால் சாப்பாட்டைக் குறைக்கிற பெண் படித்தது நிற்கவில்லை என்று அழுவாள், அழுதுவிட்டு இன்னும் குறைப்பாள்.

அம்மா கவனிக்க வேண்டியவை: ஏதாவது காரணம் சொல்லிச் சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்விடுவது, காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட மறுப்பது, தலைசுற்றல், ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுபோவது. இதில் ஏதாவது இருந்தால் மறுபடி காட்டுங்கள். எடை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதோடு விடாதீர்கள். உணவுக் கோளாறு எந்த எடையிலும் வரும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்றோ வாழப் பிடிக்கவில்லை என்கிறாள் என்றோ தெரிந்தால், அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ரெட்டைப்பிள்ளை அப்பா

டாக்டர், எல்லாம் சரி. போனை மட்டும் யாரும் தொட மாட்டேன் என்கிறீர்கள். இன்ஸ்டாகிராம் பெண்பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அந்த நிறுவனத்தின் ஆவணமே வெளியே வந்ததே?

பத்தொன்பது

வந்தது அங்கிள், 2021-இல். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. அதில் இருந்ததை முழுசாகப் படிக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றி மோசமாக உணர்ந்துகொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள். நல்ல மனநிலையில் பார்க்கும்போதும் கெட்ட மனநிலையில் பார்க்கும்போதும் அது ஒன்றல்ல. எனக்கும் அப்படித்தான். விடுமுறையில் அதே பக்கங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவேன். பரீட்சை வாரத்தில் இரவு ஒரு மணிக்குப் படுக்கையில் பார்த்தால் ஒவ்வொரு படமும் குத்தும்.

போனைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். தோழியின் போனில் பார்ப்போம். உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவோம்.

ரெட்டைப்பிள்ளை அப்பா

அதுவும் நடந்திருக்கிறது எங்கள் வீட்டில். சரி, இரவு மட்டும் போன் கூடத்தில் இருக்கட்டும் என்று வைத்தால்?

ஸ்டெதஸ்கோப்

அதற்கு என் முழு ஓட்டு. ஆனால் காரணத்தைத் தூக்கம் என்று சொல்லுங்கள், உங்கள் போனும் கூடத்திலேயே இருக்கட்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமடையும்போது உடம்புக் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, அதனால் அவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வராது. சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். தூக்கம் குறைந்த மறுநாள் அழுத்தமும் கூடுதலாகத் தெரியும், கண்ணாடியும் கொடுமையாகத் தெரியும்.

ஒரு சந்தேகம்

படத்தைத் திருத்தியிருந்தால் 'திருத்தப்பட்டது' என்று போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் போதாதா?

மணியடித்த பிறகு

பிரான்சில் விளம்பரப் படங்களுக்கு 2017-இலிருந்து இருக்கிறது, நார்வேயில் 2022-இலிருந்து. ஆனால் அந்த வாசகம் பார்ப்பவரின் மனக்குறையைக் குறைக்கிறதா என்று சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலும் பலன் தெரியவில்லை. பொய் என்று தெரிந்தும் ஒப்பிடத்தான் செய்கிறோம்.

பலன் தெரிந்தது வேறு ஒன்றில். எரிக் ஸ்டைஸ் குழுவினர் உருவாக்கிய முறை அது. பெரியவர்கள் உபதேசம் செய்வதில்லை. ஒல்லியான உடம்புதான் அழகு என்ற எண்ணத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பெண்பிள்ளைகளே குழுவாக உட்கார்ந்து அதை எதிர்த்து வாதாடுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், நடித்துக் காட்டுகிறார்கள். தன் வாயால் வாதாடியதைத் தானே மறுப்பது மனசுக்குக் கஷ்டம். அதுதான் சூட்சுமம்.

பரு முகம்

இந்த இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று உறுத்துகிறது. உடம்பைப் பற்றிச் சொன்னால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று தோண்டுகிறீர்கள். எனக்கு 13 வயதிலிருந்து முகம் முழுக்கப் பரு, உதட்டுக்கு மேல் முடி. பள்ளியில் அதற்குப் பட்டப்பெயர் இருந்தது. நான் "முகம் பிடிக்கல" என்றபோது எல்லோரும் "படிப்பு டென்ஷனா?" என்று கேட்டார்கள். இல்லை, முகம்தான்! பல வருடம் கழித்துத் தோல் மருத்துவரிடம் போனேன். மருந்தில் பாதி சரியானது. மாதவிடாய் ஒழுங்கில்லாததும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது, ஹார்மோன் சோதனைக்கு அனுப்பினார்கள்.

கேலி செய்தவர்களை யாரும் கேட்கவே இல்லை. என் மனசைச் சரிசெய்யத்தான் எல்லோரும் வந்தார்கள்.

ஸ்டெதஸ்கோப்

சரியான இடத்தில் நிறுத்தினீர்கள். மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகள் சுழற்சி முன்பின்னாக இருப்பது சகஜம். ஆனால் அது நீடித்து, கடுமையான பருவும் முடி வளர்ச்சியும் கூட இருந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்பது மருந்தல்ல.

மணியடித்த பிறகு

பரு முகம் சொன்னதை எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டலாம் போல் இருக்கிறது. மழைக்குருவி, இரண்டு சாத்தியத்தையும் திறந்து வையுங்கள். "குண்டாயிட்டேன்" என்றால் "இல்லவே இல்லை" என்று மறுக்கவும் வேண்டாம், "பரீட்சைப் பயம்தானே" என்று கண்டுபிடித்துச் சொல்லவும் வேண்டாம். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று ஒரு கேள்வி. "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று இன்னொன்று. பதில் வராமல் போகலாம். நேருக்கு நேர் உட்காராமல், வேலை செய்துகொண்டே, நடந்துகொண்டே, வண்டியில் போய்க்கொண்டே கேட்டால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

தோழியுடனான பேச்சுக்கு ஒரு யோசனை. தடை போடாமல், பேசி முடித்து வந்ததும் "அவளுக்கு இதே பிரச்சினைன்னா நீ என்ன செய்யச் சொல்லுவே?" என்று கேட்டுப் பாருங்கள். பிறருக்கு யோசனை சொல்லும்போது அந்த வட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறோம். எழுதுகிற பழக்கம் இருந்தால் அதுவும் உதவலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் செய்த சோதனையில் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனசைக் குடைவதை எழுதச் சொன்னார். வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற உறுதி அவளுக்கு இருக்க வேண்டும். அந்த நோட்டை நீங்கள் திறந்து பார்த்தால் எல்லாம் போச்சு.

தடகள ஆசான்

ஒருவரும் இதைக் கேட்கவில்லையே. ஓட்ட அணியில் 'இருந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நின்றாள்?

பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். நன்றாக ஓடுகிறவர்கள் 13, 14 வயதில் காணாமல் போவார்கள். காரணம் கேட்டால் படிப்பு என்பார்கள். கிண்டிக் கேட்டால் உடை. குட்டை கால்சட்டை, மாதவிடாய் நாளில் வெளிர்நிறம், மார்புக்குச் சரியான உள்ளாடை இல்லாமை, ஓரத்தில் நின்று பார்க்கும் கூட்டம். அழுத்தத்தை இறக்கி வைக்க இருந்த ஒரே இடமும் போய்விடும். ஓடும்போதுதான் உடம்பு என்ன செய்யும் என்று தெரியும், எப்படித் தெரிகிறது என்பது மறக்கும்.

பெரிய வீராங்கனைகளே இதற்குச் சண்டை போட வேண்டியிருந்தது. 2021-இல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதில் குட்டைக் கால்சட்டை போட்டதற்கு அபராதம் கட்டியது, பிறகு விதியே மாறியது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக் பெண்கள் கணுக்கால்வரை மூடிய உடையில் இறங்கினார்கள். விம்பிள்டனில் வெள்ளைக்குள் அடர்நிற உள்கால்சட்டை போடப் பெண்களுக்கு 2023-இல்தான் அனுமதி கிடைத்தது.

அப்புறம் இன்னொன்று. மாதவிடாய் நின்றால் பயிற்சி நன்றாக ஏறுகிறது என்று நம்பும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சக்திப் பற்றாக்குறையின் அறிகுறி, எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-இல் இதைப் பற்றி எச்சரித்தது.

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. நேற்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். முதலில் "ஒண்ணுமில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். ஆசான் சொன்னது சரி, ஓட்டத்தை விட்டதற்குக் காரணம் கால்சட்டைதான். தொடையைப் பற்றி ஒரு பையன் ஏதோ சொல்லியிருக்கிறான், நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அணியை விட்டதும் அந்தக் கூட்டத்துத் தோழிகளும் விலகிவிட்டார்கள். பரீட்சைப் பயம் தனியாக இருக்கிறது. "ஓடினா மண்டை காலியாயிடும், இப்ப அதுவும் இல்ல" என்றாள். ஆக, பரு முகம் சொன்னதும் உண்மை, ஆலோசகர் சொன்னதும் உண்மை.

இரண்டு சந்தேகம். அடுத்த மாதம் வீட்டில் விசேஷம், என் அக்கா வருவார். வந்ததும் "என்னடி, இப்படி ஊதிட்டே" என்றுதான் ஆரம்பிப்பார். பாசமானவர், வாய்தான் அப்படி. என்ன செய்ய? மகள் எதிரே சண்டை போட எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று, குட்டைக் கால்சட்டை இல்லாமல் அணியில் மறுபடி சேர்ப்பார்களா?

பத்தொன்பது

பெரியம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள் ஆன்ட்டி. "அவ உடம்பைப் பத்தி நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம், ஓட்டத்தைப் பத்திக் கேளுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'இளைச்சுட்டே, நல்லா இருக்கே' என்பதும் வேண்டாம், அது இன்னும் ஆபத்து. அப்படியும் வாய் தவறினால் அந்த இடத்திலேயே நீங்கள் பேச்சை மாற்றுங்கள். அம்மா மாற்றினார் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

மணியடித்த பிறகு

வழிமொழிகிறேன். டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் மின்னசோட்டாவில் பதின்வயதினரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தவர். வீட்டார் எடையைக் கேலி செய்வதும், எடை பற்றி அடிக்கடி பேசுவதும் சாப்பாட்டுச் சிக்கல்களோடு சேர்ந்தே வருவதைக் கண்டார். டயட் இருந்த பிள்ளைகள் ஐந்து ஆண்டு கழித்து, இல்லாதவர்களைவிட அதிக எடை ஏறியிருந்ததையும் கண்டார். அக்காவுக்கு அக்கறை எடையில் என்றால் இதைச் சொல்லுங்கள், கேட்பார்.

அந்தப் பையன் விஷயத்தைப் பள்ளியில் சொல்லுங்கள். ஆனால் மகளைக் கேட்டு, அவள் சம்மதித்த விதத்தில்.

ரெட்டைப்பிள்ளை அப்பா

பையன்களைப் பெற்றவர்களும் இந்த இழையைப் படித்தால் தேவலை.

தடகள ஆசான்

கால்சட்டைக்கு வருகிறேன். முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ இறுக்கமான விளையாட்டு உடை போட்டுத் தாராளமாக ஓடலாம், வேகம் குறையாது. முதலில் பயிற்சிக்கு மட்டும் போகட்டும், போட்டியை இப்போது பேச வேண்டாம். உடன் ஓட ஒரு தோழி கிடைத்தால் நல்லது. பயிற்சியாளர் கூடாது என்றால், விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.